திருமண்டலம் இல்லாத பேராயர்

திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் செம்பட்டி ஒரு கூட்டுச் சாலை. பழனிப் பக்கமும் நிலக்கோட்டைப் பக்கமும் போகிறவர்கள் அங்கேதான் பேருந்து மாறுவர். அவ்வூரில் நின்று மேற்கே பார்த்தால் பழனிமலைத் தொடர் எழுந்து நிற்பது தெரியும். அதைச் சுற்றியுள்ள சிற்றூர்ச் சபைகளுக்கு ஞாயிறு ஊழியத்திற்காக நம் மாணவர்கள் சென்று வருவதுண்டு. சென்ற ஆண்டில் ஒரு நாள் அங்கே பேருந்துக்குக் காத்திருந்தபோது, அம்மலையின் உச்சியிலுள்ள கொடைக்கானலில்தான் பேராயர் கால்டுவெல் உயிர் நீத்தார் என்று நாம் கூறினோம். உடனிருந்த மாணவர் ஒருவர், "அவர் எந்தத் திருமண்டலத்தின் பேராயர், ஐயா?" என்று வினவினார். திருநெல்வேலி என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டோம். ஏனெனில் அந்த விடை சரியன்று. கால்டுவெல் பேராயராக இருந்த பதினான்கு ஆண்டுகளிலும் திருநெல்வேலித் திருமண்டலம் என ஒன்று இருக்கவில்லை. அவருக்கென்று எந்தத் திருமண்டலமும் இருக்கவில்லை.

அந்த மாணவருக்கு அன்று கூறிய விடை அரைகுறையானது. அதனைச் சற்று விரிவாகக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணத்தைப் பற்றித் தமிழறிஞர்கள் எழுதியுள்ளவை ஏராளம். அவற்றை இங்கு மீண்டும் எடுத்துரையோம். நம் ஆயர்கள் பலருக்கும் அவர் ஒரு நூலின் பெயராகவும், 1968-இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் நிறுவப்பெற்ற சிலையாகவும் மட்டுமே நினைவிலிருக்கிறார். அவர் வகித்த பணியைப் பற்றிக் கேட்போர் அரியர்.

இராபர்ட் கால்டுவெல் 1814-ஆம் ஆண்டு மே 7-ஆம் நாள் அயர்லாந்தில் ஆன்ட்ரிம் நகருக்கு அண்மையிலுள்ள கிளாடி என்னும் சிற்றூரில் ஸ்காத்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்தார். இளமையில் ஓவியம் பயின்று, பின் அதனைக் கைவிட்டு, லண்டன் மிஷன் சங்கத்தில் சேர்ந்தார். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, 1838 ஜனவரி 8-ஆம் நாள் சென்னையில் கரையிறங்கியபோது அவருக்கு வயது இருபத்து மூன்று. லண்டன் மிஷன் சங்கமோ, சபைகளே தம்மைத் தாம் ஆளும் முறையைக் கைக்கொண்ட கிறிஸ்தவர்களின் ஆதரவில் நின்றது. அங்குப் பேராயர் இல்லை. பேராயர் வேண்டும் என்ற எண்ணமும் இல்லை. அந்தச் சூழலில் வளர்ந்த ஒருவர், சென்னையில் மூன்று ஆண்டுகள் தமிழ் கற்றுத் திருப்பணி செய்தபின், 1841-இல் அச்சங்கத்தை விட்டு விலகி, ஆங்கிலிக்கன் திருச்சபையின் எஸ்.பி.ஜி. சங்கத்தில் சேர்ந்தார். அவ்வாண்டு செப்டம்பர் 19-ஆம் நாள் உதகமண்டலத்தில் சென்னைப் பேராயர் ஸ்பென்சரிடம் உதவிக்குருப் பட்டம் பெற்றார்.

இந்த நாளை மாணவர்கள் நினைவில் கொள்வது நன்று. சென்னையில் அவர் மூன்று ஆண்டுகளாகப் பிரசங்கித்தவர், சபைகளை மேய்த்தவர். ஆயினும் ஆங்கிலிக்கன் திருச்சபையில் அவர் உதவிக்குருவாகத் தொடக்கத்திலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது. பேராயரின் கைகள் வைக்கப்பெறாத ஊழியம் அத்திருச்சபையின் கணக்கில் முறையான குருத்துவமாகக் கொள்ளப்படவில்லை. கால்டுவெல் அதற்கு முறையிட்டதாகத் தெரியவில்லை. திருச்சபையின் வரலாற்றையும் ஒழுங்கையும் கற்றதன் பயனாகவே அவர் அங்கு வந்தவர். ஆனால் அவர் மனமுவந்து ஏற்ற அந்த நிபந்தனை, பின்னாளில் தென்னிந்தியத் திருச்சபைகள் ஒன்றுபட முயன்றபோது பெரும் இடறலாக நின்றது. அதற்குப் பின்னர் வருவோம்.

சென்னையிலிருந்து நீலகிரி வழியாகத் திருநெல்வேலிக்கு அவர் பெரும்பாலும் நடந்தே சென்றார் என்பது பலரும் அறிந்த செய்தி. 1841-இன் இறுதியில் இடையன்குடியை அடைந்தார். தேரி மணலும் பனைமரமும் சூழ்ந்த ஊர் அது. கோடைக் காற்றில் மணல் வீட்டு வாயில்வரை வந்து குவியும். அங்கே அவர் தெருக்களை நேராக வகுத்தார், கிணறு தோண்டுவித்தார், பள்ளிகளை நிறுவினார். 1844-இல் நாகர்கோவில் மிஷனெரி சார்லஸ் மால்ட் அவர்களின் மகள் எலிசா அம்மையாரை மணந்தார். அம்மையார் தமிழ்நாட்டின் தென்கோடியிலேயே வளர்ந்தவர். ஆதலின் ஊர்ப் பெண்களுடன் அவர்கள் பேச்சிலேயே அளவளாவ அவருக்கு இயன்றது. பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியும், பெண்கள் கைக்கு நாலு காசு வரச்செய்த பின்னல் வேலையும் அம்மையாரின் உழைப்பால் வந்தவை. இடையன்குடியைப் பற்றி எழுதுவோர் இவற்றையும் கால்டுவெல்லின் கணக்கிலேயே எழுதிவிடுவது நேர்மையன்று.

1847-இல் தொடங்கிய இடையன்குடித் திரித்துவ ஆலயம் 1880-இல்தான் பிரதிட்டை செய்யப்பெற்றது. முப்பத்து மூன்று ஆண்டுகள்! கொத்தர்களுக்குச் சாளரங்களின் வளைவை விளக்க, இளமையில் ஓவியம் பயின்ற கையால் களிமண்ணில் மாதிரி செய்து காட்டினார் என்பது அவ்வூரில் இன்றும் வழங்கும் செய்தி. நூலாசிரியர், தொல்பொருள் ஆய்வாளர், மொழிநூல் வல்லார் என்றெல்லாம் அவர் புகழ் பரவிய ஆண்டுகளிலும் அவருடைய நாட்குறிப்பின் பெரும்பகுதி சேகரத்தின் அன்றாட வேலைகளாலேயே நிறைந்திருக்க வேண்டும். உபதேசியார்களைக் கூட்டிப் பாடம் சொல்லிக் கொடுத்தல், திருமுழுக்குக்கு ஆயத்தம் செய்வோரைச் சோதித்தல், வழக்குத் தீர்த்தல், பனையேறிகள் பதனீர் இறக்கி முடித்துத் திரும்பும் நேரம் பார்த்துச் சபை கூட்டுதல் ஆகிய இவையே ஒரு சேகரத்து ஆயரின் வாழ்வு. 1856-இல் இலண்டனில் வெளியான ஒப்பிலக்கணம்கூட, உடல்நலம் குன்றித் தாய்நாட்டில் தங்கியிருந்த ஆண்டுகளிலேயே நூலாக உருப்பெற்றது. 1875-இல் வந்த இரண்டாம் பதிப்பும் அத்தகைய விடுப்பின் விளைவே. ஊரில் இருந்தவரை ஊர் அவரை விடவில்லை.

இனி மாணவர் கேட்ட வினாவுக்கு வருவோம்.

சென்னைத் திருமண்டலம் 1833-ஆம் ஆண்டுப் பிரிட்டிஷ் பாராளுமன்றச் சட்டத்தின் பயனாக 1835-இல் தோன்றியது. அதன் பேராயர் அரசின் சாசனத்தால் நியமனம் பெற்றவர். அரசின் வருவாயிலிருந்து ஊதியம் பெற்றவர். கம்பெனியின் படைவீரர்க்கும் அலுவலர்க்கும் ஞானமேய்ப்பு நடத்துவதே அந்நியமனத்தின் முதல் நோக்கம். தமிழ்ச் சபைகள் அந்நோக்கத்தின் ஓரத்தில் நின்றன. சென்னையிலிருந்து திருநெல்வேலிவரையும் அதற்கு அப்பாலும் பரந்து கிடந்த ஒரே திருமண்டலம் அது. புகைவண்டி வருமுன் பேராயர் தென்கோடிக்கு வருவது மிக அரிதான நிகழ்ச்சி. வரும்போது நூற்றுக்கணக்கானோர் திடப்படுத்தலுக்கு வரிசையில் நிற்பர். அவரோ மொழிபெயர்ப்பாளர் துணையின்றி அவர்களுடன் பேச இயலாதவராக இருப்பார். அம்மக்களுக்குத் தமக்கென ஒரு பேராயர் வேண்டும் என்பதை மறுத்தோர் மிகச் சிலரே. ஆனால் சட்டத்தால் உண்டான திருமண்டலத்தைச் சட்டத்தாலன்றிப் பிரிக்கலாகாது என்பது அந்நாளைய அரசியல் நிலை. பாராளுமன்றமோ தென்பாண்டி நாட்டுப் பனங்காட்டுச் சபைகளுக்காக ஒரு சட்டம் இயற்ற விரையவில்லை.

ஆகவே ஒரு குறுக்குவழி காணப்பட்டது. 1877 மார்ச் 11-ஆம் நாள் கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் இருவர் அபிஷேகம் பெற்றனர். ஒருவர் கால்டுவெல், மற்றவர் பாளையங்கோட்டையில் நெடுங்காலம் உழைத்த எட்வர்டு சார்ஜென்ட். இருவரும் சென்னைப் பேராயர் கெல் அவர்களுக்கு உதவிப் பேராயர்கள், அவ்வளவே. ஒரே மாவட்டத்துக்கு ஏன் இருவர் என்று மாணவர்கள் கேட்கலாம். கால்டுவெல் எஸ்.பி.ஜி. சங்கத்தவர், சார்ஜென்ட் சி.எம்.எஸ். சங்கத்தவர். இடையன்குடி, முதலூர், நாசரேத்து, சாயர்புரம் முதலியன முதற்சங்கத்தின் கையில் இருந்தன. பாளையங்கோட்டை, மெய்ஞ்ஞானபுரம் முதலியன இரண்டாம் சங்கத்தின் கையில் இருந்தன. ஒரே திருச்சபை, ஒரே ஜெபபுத்தகம், ஒரே மொழி, பெரும்பாலும் ஒரே உறவுமுறை. ஆயினும் மக்களுக்குப் பேராயர் இருவர். ஒருவருடைய பேராயர் யாரென்பதைத் தீர்மானித்தது அவர் வாழ்ந்த இடம் அன்று. அவருடைய பாட்டனாருக்குத் திருமுழுக்குக் கொடுத்த சங்கமே அதனைத் தீர்மானித்தது.

இதனை நாம் எளிதாகக் கடந்து செல்லலாகாது. நம் பழைய மொழிபெயர்ப்பு வேதாகமம் பவுலின் நிருபங்களில் இப்பணிக்குக் 'கண்காணி' என்னும் சொல்லை வழங்குகிறது. பிற்காலத்தார் 'அத்தியட்சர்' என்றனர்; நாம் 'பேராயர்' என்கிறோம். எச்சொல்லைக் கொண்டாலும், ஓர் இடத்திலுள்ள திருச்சபை முழுவதன் ஒருமைக்கும் அடையாளமாக நிற்பவர் என்பதே ஆதித் திருச்சபை அப்பணிக்குக் கண்ட பொருள். 1877-இல் திருநெல்வேலியில் அப்பணி ஒருமைக்கு அடையாளமாக வரவில்லை. இரு சங்கங்களின் எல்லைக்கோட்டை அபிஷேகத் தைலத்தால் மெழுகியது போல வந்தது. இதனால் கால்டுவெல்லையோ சார்ஜென்ட்டையோ குறைகூற இடமில்லை. சங்கங்களின் பணமும் சபைகளின் ஏழ்மையும் பின்னிக் கிடந்த நிலையில், அன்று வேறு வழி தெரியவில்லை. ஆனால் அந்நாளில் வேரூன்றிய சங்கப் பற்று எவ்வளவு காலம் நம் மண்ணில் நின்றது என்பதைத் தென்மாவட்டச் சபைத் தேர்தல்களைக் கண்ட எவருக்கும் நாம் விளக்க வேண்டியதில்லை.

அபிஷேகம் பெற்றபோது கால்டுவெல்லுக்கு அறுபத்திரண்டு வயது நிறைந்திருந்தது. மற்றவர் ஓய்வை நாடும் வயது. அவர் திரும்பி வந்தது தாது வருடப் பஞ்சத்தின் நடுவே. 1876 முதல் 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் சங்கத்தின் வழி வந்த உதவி கஞ்சித் தொட்டிகளாகவும் அநாதை விடுதிகளாகவும் மக்களை அடைந்தது. ஆயிரக்கணக்கானோர் திருச்சபையை நாடி வந்தனர். வயிற்றுக்காக வந்தோர் என்று அன்றே சிலர் ஏளனம் செய்தனர். வந்தோரில் ஒரு பகுதியினர் பஞ்சம் நீங்கியதும் திரும்பிச் சென்றதும் உண்மையே. கால்டுவெல் அந்த ஏளனத்தை அறிந்தே அவர்களை ஏற்றார். நோக்கம் கலந்திருப்பினும் வந்தவனுக்குக் கற்பிப்பதே ஆயரின் கடன் என்பது அவர் கொண்ட நிலை. இடையன்குடியில் முப்பத்தைந்து ஆண்டுகள் கற்றது அது. பஞ்ச காலத்து மக்களைச் சேர்ப்பதா தள்ளுவதா என்பது அலுவலகத்திலிருந்து தீர்க்கக்கூடிய வினாவாகத் தோன்றலாம். ஊரில் இருந்தவருக்கு அவ்வாறு தோன்றவில்லை.

ஆயினும் அவ்வூர் மக்களே அவர்மேல் மனத்தாங்கல் கொண்ட ஒரு பகுதியும் அவர் வாழ்வில் உண்டு. அதனை மறைத்து எழுதும் வரலாற்றினால் மாணவர்களுக்குப் பயனில்லை. 1849-இல், இடையன்குடிக்கு வந்து எட்டு ஆண்டுகளே ஆன நிலையில், தம் சபையாரில் மிகப் பெரும்பாலோராகிய நாடார் சமுதாயத்தாரைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் ஒரு சிறுநூல் எழுதினார். இங்கிலாந்தில் மிஷன் பணிக்குப் பொருளுதவி செய்வோர் அறியும்பொருட்டு எழுதியது அது. அம்மக்களின் தோற்றம், தெய்வ வழிபாடு, குணவியல்பு ஆகியவற்றை அவர் அதில் வருணித்த முறையில், மக்கள் அறியாமையில் மூழ்கியவர்களாகவும் தாழ்ந்தவர்களாகவும் காட்டப்பெற்றனர். அவர்கள் இலங்கையிலிருந்து வந்து குடியேறியோர் என்றும் அவர் எழுதினார். தூரதேசத்துக் கொடையாளரின் இரக்கத்தைக் கிளறுவதற்குத் தம் சபையாரின் தாழ்வை எடுத்துக்காட்டுவது, அந்நாளைய மிஷன் அறிக்கைகளின் பொது வழக்கம். (அந்த வழக்கம் அந்நாளோடு ஒழிந்ததா என்று, இன்று வெளிநாட்டு உதவிக்கு விண்ணப்பம் எழுதும் நாம்தான் சொல்ல வேண்டும்.)

அந்நூலைப் படிப்போர் கடல் கடந்து இருப்பார்கள் என்று அவர் எண்ணியிருக்கலாம். ஆனால் அவரும் அவரைப் போன்றோரும் திறந்த பள்ளிகளில் அம்மக்களின் பிள்ளைகள் ஆங்கிலம் கற்றனர்; கற்றபின் தங்களைப் பற்றி எழுதப்பட்டதைப் படித்தனர். மிஷனெரிமாருடன் முரண்பட்டுப் பணியிழந்த உபதேசியார் சட்டாம்பிள்ளை, 1857-இல் அந்நிய ஆதிக்கமற்ற ஒரு தனிச் சபையை நிறுவினார். அதற்கு வேறு காரணங்களும் இருந்தன. எனினும் இச்சிறுநூல் உண்டாக்கிய புண்ணும் ஒன்று. 1880-களில், கால்டுவெல் பேராயராக வீற்றிருந்த காலத்திலேயே, அந்நூலை எதிர்த்துத் துண்டுப் பிரசுரங்கள் வெளிவந்தன; அரசுக்கு மனுக்கள் சென்றன. எழுதியோர் பிறமதத்தார் மட்டுமல்லர். அவர் சபைகளில் வளர்ந்த கிறிஸ்தவர்களும் எழுதினர். இறுதியில் அந்நூல் வழக்கிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது.

நம் கருத்து இது. 1849-இல் அவர் இளைஞர். கேள்விப்பட்டதையும் கண்டதையும் கலந்து எழுதினார். அதன்பின் நாற்பதாண்டுகள் அம்மக்களுக்காகவே உழைத்தார். 1856-இன் ஒப்பிலக்கணம் தமிழுக்கு வடமொழியின் துணை வேண்டாத தனி நிலையை நாட்டி, இதே மக்களின் மொழியை உலக அறிஞர் அவையில் உயர்த்தியது. இவற்றையெல்லாம் வைத்து அந்தச் சிறுநூலை ஈடுகட்ட முயல்வோர் உளர். ஈடு ஆகாது. மொழிக்குச் செய்த சிறப்பு வேறு. மனிதருக்கு உண்டான தலைக்குனிவு வேறு. திருமுழுக்கும் திருவிருந்தும் பெறும் தம் சபையாரை அவர்கள் கேட்கவியலாத மொழியில் பிறருக்கு வருணிக்கும்போது, ஆயர் தம்மை அறியாமலே அவர்களை விட்டு விலகி நிற்கிறார். அவர்களைக் கேட்டு எழுதியிருப்பின் அந்நூல் வேறாக இருந்திருக்கும். பிற்காலத்தில், 1881-இல் வெளியான திருநெல்வேலி வரலாற்றில், சாசனங்களையும் பழங்காசுகளையும் உள்ளூர்ச் செய்திகளையும் அவர் எவ்வளவு பொறுமையுடன் ஆராய்கிறார் என்பதைக் காணும்போது, அதே பொறுமை 1849-இல் வாய்க்காமற்போனதே என்று வருந்துகிறோம்.

1883-இல் அவர் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். சாயர்புரத்திலிருந்த கல்லூரியும் அங்கு மாற்றப்பட்டு அவர் பெயரைத் தாங்கியது. 1889-இல் சார்ஜென்ட் காலமானார். இரு சங்கத்துச் சபைகளையும் ஒரே பேராயரின் கீழ்க் கொணர அது ஒரு வாய்ப்பாக இருந்திருக்கலாம். ஆயினும் கால்டுவெல்லுக்கு அப்போது எழுபத்தைந்து வயது. 1891 ஜனவரி 31-ஆம் நாள் அவர் பணியிலிருந்து ஓய்வு பெற்றுக் கொடைக்கானல் சென்றார்.

செம்பட்டிச் சாலையில் இன்று கொடைக்கானல் பேருந்துகள் ஓடுகின்றன. 1891-இல் மலைக்கு வண்டிச்சாலை இல்லை. சமவெளியிலிருந்து செல்வோர் அம்மையநாயக்கனூரில் புகைவண்டியை விட்டிறங்கி, மாட்டுவண்டியில் வத்தலக்குண்டு கடந்து பெரியகுளத்துப் பக்கம் மலையடிவாரத்தை அடைவர். அங்கிருந்து குதிரையிலோ, ஆட்கள் சுமக்கும் நாற்காலியிலோ மேலேறுவர். எழுபத்தாறு வயதினர்க்கு அது எளிய பயணமன்று. அக்குடியிருப்பை முதலில் உண்டாக்கியவர்கள் ஆங்கிலிக்கன் திருச்சபையார் அல்லர். 1834-இல் மதுரையிலும் 1835-இல் திண்டுக்கல்லிலும் பணி தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் அவர்கள். சமவெளியின் நோய்களுக்குத் தம் பிள்ளைகளையும் உடன் ஊழியர்களையும் பலிகொடுத்தபின், 1845-இல் அங்கு முதல் வீடுகளைக் கட்டினர். செம்பட்டியைச் சுற்றியுள்ள நம் சபைகளுக்கும் வேர் அந்த மிஷனிலேயே இருக்கிறது. அவர்களும் சபையாட்சி முறையினர், பேராயர் இல்லாதவர்கள். கால்டுவெல் இளமையில் விட்டுவந்த அதே மரபினர் நடுவே, அவருடைய இறுதி மாதங்கள் கழிந்தன. மலைமேல் ஆங்கிலிக்கன் ஆலயம் ஒன்று எழ அவர் முன்னரே பாடுபட்டிருந்தார். எனினும் அமெரிக்க மிஷனெரி ஒருவரின் சபையை அந்த ஆலயத்துக்கு இணையாக எண்ண, அவருடைய திருச்சபையின் விதிகளில் இடமில்லை.

ஆகஸ்டு 28-ஆம் நாள் அவர் மரித்தார். உடலை மலையிலேயே அடக்கம் செய்திருக்கலாம், அதுவே எளிது. ஆனால் அம்மலைப்பாதையில் இறக்கி, திண்டுக்கல்-மதுரைச் சமவெளியைக் கடந்து, தென்கோடியிலுள்ள இடையன்குடிக்குக் கொண்டு சென்று, அவர் முப்பத்து மூன்று ஆண்டுகள் கட்டிய ஆலயத்தில் பீடத்தின் அடியில் நல்லடக்கம் செய்தனர். திருமண்டலமில்லாத பேராயருக்குப் பேராலயமும் இல்லை. சேகர ஆலயமே அவருக்குக் கிடைத்தது.

அதன்பின் நடந்தவற்றைச் சுருக்கமாகவே கூறுவோம். 1896-இல் திருநெல்வேலித் திருமண்டலம் உருவாகி, சாமுவேல் மார்லி அதன் முதற்பேராயரானார். 1912 டிசம்பர் 29-ஆம் நாள், கால்டுவெல் அபிஷேகம் பெற்ற அதே கல்கத்தாப் பேராலயத்தில், திருநெல்வேலி வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா தோர்ணக்கல்லின் பேராயராக அபிஷேகம் பெற்றார். அவர் நாடார் சமுதாயத்தவர். 1849-இன் சிறுநூல் யாரைப் பற்றி எழுதப்பட்டதோ, அவர்களுள் ஒருவரே இந்திய ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். 1910-இல் எடின்பரோ மாநாட்டில் அவர் மேலைநாட்டு மிஷனெரிமாரை நோக்கி நட்பை வேண்டியபோது, அவையில் சிலர் முகம் சுளித்தனர். அவர் ஏன் அவ்வாறு பேச நேர்ந்தது என்பதைத் திருநெல்வேலியின் முந்திய அறுபதாண்டு வரலாற்றை அறிந்தோர் உணர்வர்.

அதே அசரியா 1919-இல் தரங்கம்பாடியில் ஆங்கிலிக்கன், ஐக்கிய சபை ஊழியர்களைக் கூட்டி, திருச்சபை ஐக்கியத்திற்கான உரையாடலைத் தொடங்கி வைத்தார். இருபத்தெட்டு ஆண்டுகள் நீடித்த அவ்வுரையாடலில் மிகக் கடினமான வினா எது? 1841-இல் உதகையில் எழுந்த அதே வினாதான். பேராயரின் கைவைத்தலின்றிக் குருவானோர், ஐக்கியத் திருச்சபையில் மீண்டும் பட்டம் பெற வேண்டுமா? 1947 செப்டம்பர் 27-ஆம் நாள் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, வேண்டாம் என்று விடை கூறப்பட்டது. இனி வரும் குருப்பட்டங்கள் பேராயரால் அளிக்கப்பெறும். இருப்போர் இருந்தபடியே குருக்களாக ஏற்கப்பெறுவர். இதனால் இங்கிலாந்துத் திருச்சபை பல ஆண்டுகள் நம்முடன் முழு ஐக்கியம் கொள்ளத் தயங்கியது. திண்டுக்கல்லும் கொடைக்கானலும் உட்பட்ட மதுரை-இராமநாதபுரத் திருமண்டலத்துக்கு அன்று பேராயராக அபிஷேகம் பெற்றவர், ஸ்காத்லாந்துப் பிரஸ்பிற்றேரியன் சபையின் குருவான லெஸ்லி நியூபிகின். ஆங்கிலிக்கன் குருத்துவம் அவருக்கு அதற்கு முன் அளிக்கப்படவில்லை.

செம்பட்டியில் கேட்ட மாணவருக்கு இவ்வளவும் கூற அன்று நேரமிருக்கவில்லை, பேருந்து வந்துவிட்டது. அவருடைய பாட்டனார் அமெரிக்க மிஷனில் உபதேசியாராக இருந்தவர் என்று வழியில் சொன்னார். 1947-க்குப்பின் அவர்கள் ஊருக்கு முதன்முறையாகப் பேராயர் ஒருவர் வந்தபோது, அவரை எப்படி அழைப்பது, நாற்காலியை எங்கே போடுவது என்று சபையார் இரண்டு நாள் வழக்காடினார்கள் என்று பாட்டனார் சொல்வாராம்.